கழுத்தில் ஒரு மணி நேரம்

இந்த வருடப் பயணத்துக்குத் திட்டம் போட வேறு யாரும் முன்வராததால் நான் ஒப்புக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பொய். மர்டோ கேட்டு முடிப்பதற்குள் முந்திக்கொண்டு கை தூக்கியவளே நான்தான். எங்கள் முக்குளிப்பு கிளப்பில் திட்டம் போடுகிறவர் கையில்தான் பெயர்ப் பட்டியல் இருக்கும். என் தம்பி கேலம் பெயரை அதில் மறுபடி ஏற்றவேண்டும். பத்து மாதமாக அவன் பெயர் எங்கள் பட்டியல் எதிலும் இல்லை.

ஜூன் மாதம், நான்கு நாள், எட்டுப் பேர். முதல் நாள் தீவுக்குப் பின்னால் மூழ்கிக் கிடக்கும் நிலக்கரிக் கப்பல். இரண்டாம் நாள் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைச் சுவர். மூன்றாம் நாள் கழுத்து. நான்காம் நாள் மழை பெய்யும், எல்லோரும் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம். அதற்குத் திட்டம் தேவையில்லை.

ஸ்காட்லாந்தின் இந்த மேற்குக் கரையைப் படம் பிடித்துக் காலண்டரில் போடுகிறார்கள். போடட்டும். காலண்டரில் குளிர் தெரியாது. ஜூன் மாதத்திலும் தண்ணீர் பத்து டிகிரிதான். இரண்டு அடுக்குக் கம்பளி, அதற்கு மேல் தண்ணீர் புகாத டிரைசூட், கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் பட்டை, இடுப்பில் ஈயக்கட்டி, முதுகில் சிலிண்டர். இத்தனையும் மாட்டிக்கொண்டு படகு விளிம்பில் உட்காரும்போது எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு வரும். இறங்கியபின் வேறு எதுவும் வேண்டியிருக்காது.

கழுத்து என்பது நாங்கள் வைத்த பெயர். திறந்த கடல் ஓர் இடுக்கு வழியாக உள்கடலுக்குள் நுழைகிற இடம். ஆறு மணி நேரம் தண்ணீர் உள்ளே பாயும், ஆறு மணி நேரம் வெளியே பாயும். ஆளைப் பிய்த்துக்கொண்டு போகிற பாய்ச்சல். நடுவில் கால் மணி நேரம், அதிகம் போனால் இருபது நிமிடம், அப்படியே நிற்கும். அந்த நேரத்துக்குள் இறங்கி ஏறிவிட்டால் கடலடிப் பாறைச் சுவர் முழுக்கப் பூத்துக் கிடக்கும் வெள்ளை, ஆரஞ்சுக் கடற்பூக்களைப் பார்க்கலாம். நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதைப் போன ஜூலையில் பார்த்தோம்.

போன ஜூலையில் கேலமும் மெய்ரியும் ஜோடியாக இறங்கினார்கள். மெய்ரிக்கு இருபத்துநான்கு வயது, கழுத்தில் முதல் முறை. இறங்கப் போகும் நேரத்தில் அவள் மணிக்கட்டு ரப்பர் கிழிந்திருப்பதைக் கேலம் பார்த்துவிட்டு, வேறு பட்டை மாற்றிவிட்டான். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. பிறகு இறங்கினார்கள். இருபத்துநான்கு மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் அவர்களைச் சுவரிலிருந்து பிய்த்து, கீழே நாற்பது மீட்டருக்கு இழுத்துக்கொண்டு போனது. மெய்ரி பயந்து மேலே பாய்ந்தாள்; அவ்வளவு வேகமாக ஏறினால் உடம்புக்குள் காற்றுக் குமிழி கட்டிவிடும். கேலம் அவள் காலைப் பிடித்துத் தொங்கி, முடிந்தவரை வேகத்தைக் குறைத்திருக்கிறான். அவன் பிடிக்கவில்லை என்றால் அவள் படகுக்குப் பிணமாகத்தான் வந்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு பேரும் அந்தக் குமிழியைக் கரைக்கிற அழுத்த அறையில் கிடந்தார்கள். கேலம் இரண்டு நாளில் எழுந்துவிட்டான். மெய்ரியின் முதுகுத் தண்டில் காற்றுக் குமிழி அடைத்து, இடது கால் செத்துப்போனது. இப்போது கைத்தடியோடு நடக்கிறாள்.

கிளப் விசாரணை வைத்தது. விசாரணை என்றால் மூன்று பேர்: முக்குளிப்புப் பொறுப்பாளர் மர்டோ, செயலாளர் ரோனா, படகைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ட்ரூவன். தம்பி விஷயம் என்பதால் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். திட்டத் தாளில் தண்ணீர் நிற்கும் நேரம் 11:10 என்று இருந்தது. கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். துறைமுகத்தில் உச்ச ஏற்றம் 9:10, கழுத்தில் தண்ணீர் நிற்பது அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து, ஆக 11:10. சரியாக இருந்தது. கேலம் இறங்கியது 11:20. பத்து நிமிடம் தாமதம், அதற்குள் ஓட்டம் திரும்பிவிட்டது, அவன் இறங்கியிருக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார்கள். கேலம் விலக்கி வைக்கப்பட்டான்.

"தண்ணி திரும்பவே இல்ல. உள்ளதான் போய்ட்டிருந்துச்சு," என்று அவன் சொன்னான். பயத்தில் அவனுக்குத் திசை தெரியவில்லை என்று அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.

என் வீட்டுச் சமையலறையில் வைத்து நானும் அவனைக் கிழித்தேன். "பத்து நிமிஷம் போச்சுன்னா விட்டுட்டு ஏற வேண்டியதுதானே? பதினெட்டு வருஷமா முங்குற, இதுகூடவா தெரியாது? பாவம் அந்தப் பொண்ணு!" அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை.

இந்த வருடம் கழுத்தே வேண்டாம் என்று ரோனா சொன்னாள். கீழே தள்ளிய குதிரையில்தான் மறுபடி ஏறவேண்டும், இல்லையென்றால் ஊர் வாயை அடைக்க முடியாது என்று மர்டோ பிடிவாதம் பிடித்தார். சரி என்று சனிக்கிழமை மதியம் சமையலறை மேஜையில் மஞ்சள் அட்டை போட்ட ஓத அட்டவணைப் புத்தகத்தைப் பிரித்தேன். எங்கள் கிளப்பில் திட்டத் தாளைப் புதிதாக யாரும் எழுதமாட்டோம். போன வருடத் தாளை எடுத்து, தேதியை மாற்றி, நேரத்தை மாற்றி, மீதியை அப்படியே எழுதிக்கொள்வோம். ஆகையால் போன வருடத் தாளும் பக்கத்தில் இருந்தது.

மூன்றாம் நாளுக்கு உச்ச ஏற்றம் 10:25 என்று புத்தகம் சொன்னது. அன்று காலை எத்தனை மணிக்குப் படகை இறக்கினால் சரிப்படும் என்று செல்போனில் தட்டிப் பார்த்தேன். அதே துறைமுகத்தின் உச்ச ஏற்றத்தைச் செல்போன் 11:25 என்றது.

ஒரு மணி நேரம். சொல்லி வைத்த மாதிரி ஒரு மணி நேரம்.

புத்தகத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: எல்லா நேரமும் கிரீன்விச் நேரம், கோடை நேரத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ளவும். மார்ச்சில் நாங்கள் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்போம், அக்டோபரில் பின்னே இழுப்போம். கடல் தள்ளி வைப்பதில்லை.

எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், துறைமுகக் கடையில் விற்ற நீலப் புத்தகத்தில் அந்த ஒரு மணியை அவர்களே கூட்டிப் போட்டிருப்பார்கள். எத்தனையோ வருடமாக நீலப் புத்தகம்தான். நாங்கள் எதையும் கூட்டியதே இல்லை. கடையை மூடிவிட்டார்கள். போன வருடம் மர்டோ தபாலில் வேறொன்று தருவித்தார், மஞ்சள் அட்டை. போன கோடை முழுக்கப் படகு இறக்கும் சரிவுத்துறையில் நின்றுகொண்டு, தண்ணீர் லேட்டாக வருகிறது, காற்று தடுக்கிறது போல என்று பேசிக்கொண்டோமே! காற்றாம், காற்று!

ஆக, போன ஜூலையில் கழுத்தில் தண்ணீர் நின்றது 12:10-க்கு. கேலம் பத்து நிமிடம் தாமதமாகப் போகவில்லை. ஐம்பது நிமிடம் முன்னால் அனுப்பப்பட்டான். உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது என்று அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. மூன்று பேர், ஆளுக்கு முப்பது வருட அனுபவம், பேப்பரைப் பேப்பரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என் தம்பிக்குத் திசை தெரியாது என்று எழுதி வைத்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் குத்தினேன், தேநீர் கொட்டியது. போன வருடத் தாளின் அடியில் இன்னொன்றும் இருந்தது. "தயாரித்தது" என்ற இடத்தில் மர்டோவின் பெயர். "சரிபார்த்தது" என்ற இடத்தில் என் கையெழுத்து. பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிட்டேன். மர்டோமேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது, அதையே செய்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் கொட்டகையில் கூட்டம். சிலிண்டருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் ஒரு மூலையில் கதறிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரூவன் ரொட்டியைப் பிளந்து சாசேஜ் வைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா கடற்படைத் தளபதி," என்றான். "படை எங்கிட்டுப் போகுது?"

"அந்த மெஷினை நிறுத்து."

"ஏன், பாட்டு பிடிக்கலையா?"

"நிறுத்துடா."

நிறுத்தினான். நான் தாளை மர்டோ முன்னால் வைத்தேன். பக்கத்தில் புத்தகத்தை விரித்து அந்தக் கடைசி வரியின்மேல் விரலை வைத்தேன். மர்டோவுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் தீவுப் படகுகளில் வேலை பார்த்தவர், ஊரில் யாரும் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"படிங்க," என்றேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்தார். நிமிர்ந்தார். அவ்வளவு சீக்கிரம் யாரும் அந்த எறும்பு எழுத்தைப் படித்துவிட முடியாது.

"உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்."

ரோனா பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன தெரியும்? யாராச்சும் எனக்கும் சொல்லுங்களேன்."

சொன்னேன். நீலப் புத்தகம், மஞ்சள் புத்தகம், 11:10, 12:10. சொல்லச் சொல்ல ரோனாவின் முகம் வெளுத்தது, ஸ்ட்ரூவன் கையில் இருந்த ரொட்டி தட்டுக்குப் போனது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, அது நிச்சயம். மர்டோ மட்டும் ஜன்னல் வழியாகப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத்திலேருந்து?" என்றேன்.

"அக்டோபர்," என்றார். "கடைசி ஞாயிறு. அடுப்படிக் கடிகாரத்தைப் பின்னால திருப்பி வைக்கலாம்னு நாற்காலி மேல ஏறினேன். முள்ளுல கை வச்சேன். அப்பதான்… அப்படியே நின்னுட்டேன் இஷ்பெல். ரொம்ப நேரம் நின்னேன்."

"இறங்கி என்ன பண்ணீங்க?"

"டீ போட்டேன்."

"டீ போட்டியா!" என் குரல் கொட்டகைத் தகரத்தில் அடித்துத் திரும்பியது. "அங்க என் தம்பி ஊர்ல ஒருத்தர் மூஞ்சியிலயும் முழிக்க முடியாம கிடக்கான், நீ டீ போட்டு உக்காந்து குடிச்சியா? ஏழு மாசம்! ஏழு மாசமா வாராவாரம் இந்தக் கொட்டகைக்கு வந்து எங்களுக்கெல்லாம் பாதுகாப்பு பத்திப் பாடம் நடத்தின!"

"இஷ்பெல், விடு," என்றான் ஸ்ட்ரூவன். "வேணும்னா பண்ணாரு? யானைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்கின யானை எந்திரிச்சுப் போயிடுச்சு ஸ்ட்ரூவன். அதுக்கு அடியில மாட்டினவதான் இன்னும் கைத்தடி ஊனுறா."

ரோனாதான் ஆரம்பித்தாள். ரோனா கெட்டவள் இல்லை. அவளுக்கு எதையும் ஒழுங்காக மடித்து உறையில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

"இங்க பாரு. இது இன்ஷூரன்ஸ்காரன் காதுக்குப் போச்சுன்னா படகு, கொட்டகை, எல்லாம் போச்சு. கிளப்பே இருக்காது. உனக்கு என்ன வேணும்? கேலம் திரும்ப வரணும், அதானே? இன்னிக்கே சேத்துக்கலாம். விலக்கி வச்ச காலம் முடிஞ்சதுன்னு ஒரு வரி எழுதிடறேன். ஜூன்ல அவன் நம்மகூட வரான். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்."

மர்டோ மெதுவாகத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "அடியில பாரும்மா. சரிபார்த்தது யாரு? நான் வாயைத் திறந்திருந்தா என் பேர் மட்டுமா போயிருக்கும்? உன்னையும் சேத்துத்தான் காப்பாத்தினேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் ஆசை வந்தது. பட்டியல் என் கையில் இருந்தது, பேனா இருந்தது, ஏழாம் இடம் காலியாக இருந்தது. கேலம் என்று எழுதினால் போதும். நான் வந்த வேலை முடிந்துவிடும், என் பெயரும் தப்பிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக என்மேலேயே எனக்கு வந்த வெறுப்பு மர்டோமேல் வந்த கோபத்தைவிடப் பெரியது.

"தண்டனை முடிஞ்சதுன்னு எழுதினா, தப்பு பண்ணினான்னு அர்த்தம்," என்றேன். "அவன் பண்ணலை. நீ பண்ணின. நானும் பண்ணினேன். என்னைக் காப்பாத்துன்னு உன்கிட்ட நான் வந்து அழுதேனா?"

சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் குறுக்கே பெரிதாக எழுதினேன்: கோடை நேரம் ஒரு மணி கூட்டவில்லை. தயாரித்தது மர்டோ. சரிபார்த்தது இஷ்பெல். கேலம் தாமதிக்கவில்லை, ஐம்பது நிமிடம் முன்னதாக அனுப்பப்பட்டான். கொட்டகைக்கு வெளியே, கடல் பக்கம் போகிற வருகிற எல்லோரும் பார்க்கும் அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையும் குத்தினேன். "ஐயோ, இஷ்பெல்!" என்று ரோனா கத்தினாள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கேலம் பாலத்துக்கு அப்பால் ஒரு மீன் பண்ணையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கரையில் நின்று ரப்பர் குழாயைப் பிடித்து வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் குழாயை மூடவில்லை. எனக்கு அவனைவிடப் பத்து வயது அதிகம். அவனைத் தூக்கி வளர்த்தவள் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அதோடுதான் போய் நின்றேன்.

"கேலம், உன்மேல தப்பே இல்ல!" என்றேன். ஓடிப் போய்ப் பரிசு கொடுக்கிறவள் மாதிரி. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். மர்டோவைத் திட்டியதை, ரோனா பேரம் பேசியதை, தாளைப் பலகையில் குத்தியதை. என் கையெழுத்தையும் சொன்னேன், கொஞ்சம் வேகமாக.

அவன் வலையைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் கழுவினான்.

"ஒண்ணைக் கூட்டறதுக்கு உனக்குப் பத்து மாசம் ஆச்சா இஷ்?"

"எனக்கு நேத்துதான்டா தெரியும்!"

"நேத்தா?" குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் எங்கள் காலடியில் ஓடியது. "படகுல யார் இருந்தா அன்னிக்கு? மர்டோவா? அவர் கரையில இல்ல நின்னாரு! ஸ்டியரிங் பிடிச்சிருந்தது நீ. இறங்கறதுக்கு முன்னாடி நான் உன்கிட்டதான் கேட்டேன். மிதவை உள்பக்கம் சாஞ்சு கிடக்குது, தண்ணி இன்னும் போகுது போல இருக்கேன்னு கேட்டேனா இல்லையா?"

கேட்டான். மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. சாய்ந்து கிடந்த மிதவை கண்முன்னே நின்றது. கடற்பாசி உள்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீ என்ன சொன்ன?"

"கேலம்…"

"சொல்லு. என்ன சொன்ன?"

"தாள்ல நின்னுடுச்சுன்னு போட்டிருக்கு, இப்ப நின்னுடும், போன்னு சொன்னேன்."

"ஆங். கண்ணு முன்னாடி கடல் ஓடுது, நீ மடியில இருக்கற பேப்பரைப் பாத்துச் சொன்ன. நானும் நீ சொன்னியேன்னு இறங்கினேன். அது என் தப்பு, அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா உன் வீட்டு அடுப்படியில வச்சு, நான் லேட்டா இறங்கினேன்னு நீயும் திட்டினியே, அதுக்கு என்ன புஸ்தகத்தைப் பாத்த?"

மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"ஜூன்ல உன் இடம் இருக்கு," என்றேன். "ஏழாம் பேர்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "உன் பட்டியலை நீயே வச்சுக்க." பிறகு சட்டென்று முகம் மாறியது. "மெய்ரிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. முதல்ல உன்கிட்டதான்…"

"முதல்ல என்கிட்டயா? கால் போனது எனக்கா?" இப்போதுதான் அவன் கத்தினான். பத்து மாதத்தை மொத்தமாகக் கத்தினான். "அவ என்னை நினைச்சுத் தினம் சபிச்சுக்கிட்டுப் படுத்திருப்பா. ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. ஊர் பூரா போஸ்டர் ஒட்டிட்டு வந்திருக்க, யாராவது மீன் வாங்கப் போற வழியில அதைப் படிச்சிட்டுப் போய் அவகிட்ட சொல்லணுமா? என்ன பொம்பளை நீ? போ இங்கேருந்து!"

போனேன். என் தம்பி, என் தம்பி என்று ஒரு நாள் முழுக்கக் கொதித்தேனே, அந்தப் பெண்ணை ஒரு தடவையாவது நினைத்தேனா? ஸ்ட்ரூவன் வாயை அடைக்கக் கைத்தடியை இழுத்தேன், அவ்வளவுதான். கொட்டகையிலிருந்து அவள் வீட்டுக்கு நடந்தே போகலாம், ஐந்து நிமிடம். நான் அதைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, பதினாறு மைல் போயிருந்தேன்.

மெய்ரி வறுத்த மீன் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறாள். கீழ்த்தள வீடு கேட்டு மனு போட்டிருக்கிறாள், இன்னும் வரவில்லை. கதவைத் தட்டிய பிறகு வெகு நேரம் ஆனது. திறந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இஷ்பெல்! ஜூனுக்குத் திட்டமா? என்னைக் கூப்பிட வந்தியா?" என்று கேலி செய்தாள். "உள்ள வா."

உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். இந்த முறை என் கையெழுத்திலிருந்து ஆரம்பித்தேன். அடுத்தது மிதவை. கேலம் கேட்டதும் நான் போ என்றதும். அதற்குப் பிறகுதான் மர்டோ, மஞ்சள் புத்தகம், ஒரு மணி நேரம்.

மெய்ரி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்ததை அவள் கேட்கவில்லை.

"மர்டோவுக்கு எப்பத் தெரியும்னு சொன்ன?"

"அக்டோபர். கடைசி ஞாயிறு."

"நவம்பர் முதல் புதன்கிழமைலேருந்து அவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறார்," என்றாள். "வாராவாரம். பனி கொட்டின அன்னிக்கும் வந்தாரு. படி இறங்க முடியலைன்னா கையைப் பிடிச்சுக்குவாரு. எங்க அப்பாகூட அப்படிப் பண்ணலைன்னு சொல்லி அழுதிருக்கேன் அந்தாளுகிட்ட. வண்டியில போகும்போது கேலமைத் திட்டுவேன். வாய்க்கு வந்தபடி. அவர் பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டுவாரு. நல்ல மனுஷன், அடுத்தவனைப் பத்திக் குறை பேசமாட்டாருன்னு நினைச்சேன்."

அவள் கன்னம் இரண்டும் சிவந்துவிட்டன. நான் வாயைத் திறந்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் கிறிஸ்துமஸுக்கு அந்தாளுக்குத் தொப்பி பின்னிக் குடுத்தேன். போட்டுக்கிட்டாரு. போட்டுக்கிட்டு, நல்லா இருக்கும்மான்னாரு!"

உள்ளே திரும்பி, ஆணியில் தொங்கிய கோட்டை இழுத்தாள். ஒரு கை நுழையவில்லை. உதவப் போனேன்.

"தொடாத."

தானாகவே மாட்டிக்கொண்டாள். "கூட்டம் எத்தனை மணி வரைக்கும்?"

"ஒரு மணி வரைக்கும் இருப்பாங்க. ஒருவேளை நான் கிளம்பினதும் கலைஞ்சிருக்கலாம்."

"கலைஞ்சா வீட்டுக்குப் போவோம். வீடு எனக்குத் தெரியும். வண்டி கீழ இருக்கா?"

"இருக்கு. மெய்ரி, நான்…"

"நீ அப்புறம்," என்றாள். "முதல்ல அவர். உன் முறையும் வரும், அதுவரைக்கும் ஊரை விட்டு எங்கயும் போயிடாத."

கைப்பிடிச் சுவரை ஒரு கையாலும் தடியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் முதலில் தடி, பிறகு இடது கால், பிறகு மற்றது. நான் இரண்டு படி பின்னால் இறங்கினேன், விழுந்தால் பிடிக்க முடிகிற தூரத்தில். கீழே வந்ததும் வண்டியின் முன்கதவைத் திறந்து வைத்தேன். அவள் பின்கதவைத் திறந்து பின் இருக்கையில் உட்கார்ந்தாள்.